லில்லியின் வேகம் வெறும் 136தானா? தலைமுறை தாண்டி வேகத்தை ஒப்பிடும்போது

கேள்வி இதுதான்: “பழைய வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் கட்டுக்கதை என்கிறார் என் அண்ணன். 1970களின் கடைசியில் கருவி வைத்து அளந்தபோது டென்னிஸ் லில்லிக்கே 136 கி.மீ.தான் வந்ததாம். அதை இன்று ஐ.பி.எல்.லில் ஆல்ரவுண்டர்களே வீசுகிறார்கள். அப்படியானால் அதற்கும் முந்தைய இங்கிலாந்து வீச்சாளர்கள் லார்வுட், டைசன் எல்லாம் 125ஐத் தாண்டியிருக்க மாட்டார்களா? உண்மையிலேயே மிக வேகமாக வீசியவர் யார்?”

உங்கள் அண்ணன் சொல்லும் 136 உண்மையான எண்தான், அவர் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்திருக்கும் முடிவு தவறு. நாற்பது ஆண்டுகளாக வேகப்பந்து வீச்சைப் பார்த்தும், சென்னையில் லீக் அணிப் பையன்களுக்கு வலைப் பயிற்சி கொடுத்தும் வருபவன் என்ற முறையில் என் கணிப்பைச் சொல்கிறேன். ஒரு தலைமுறையின் மிக வேகமான ஆள் எட்டிய உச்ச வேகம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஏறக்குறைய மாறவே இல்லை. மாறியது அளக்கும் விதமும், அந்த உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் வீச்சாளர்களின் எண்ணிக்கையும்தான்.

முதலில் அந்த 136 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய உலகத் தொடர் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்த 1978-79 பருவத்தில், பெர்த் நகரத்தில் குளோஸ்டர் பார்க் மைதானத்தில், யார் வேகமானவர் என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஆளுக்கு 8 பந்துகள். ஜெஃப் தாம்சன் 147.9 கி.மீ. எடுத்து ஜெயித்தார். மைக்கேல் ஹோல்டிங் 141.3, இம்ரான் கான் 139.7, காலின் கிராஃப்ட் 139.2, ஆண்டி ராபர்ட்ஸ் 138.6. ஆறாவதாகத்தான் லில்லி, 136.4. ரிச்சர்ட் ஹாட்லி 130ஐக்கூடத் தொடவில்லை, 129.8. இந்தப் பட்டியலை இன்றைய ஸ்பீட் கன் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தால் உங்கள் அண்ணன் சொல்வது நியாயம் போலத்தான் தெரியும். ஹோல்டிங்கும் ராபர்ட்ஸும் மிதவேகப் பந்து வீச்சாளர்கள் ஆகிவிடுவார்கள்.

ஆனால் அதே தாம்சனை, அதே பெர்த் நகரத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒருமுறை அளந்திருக்கிறார்கள். 1975 டிசம்பரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்ட் போட்டியின்போது மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராக்களை வைத்துப் படம் பிடித்துக் கணக்கிட்டார்கள். அப்போது தாம்சனுக்கு வந்தது 160 கி.மீ.க்குச் சற்று மேலே. ஒரே ஆள், ஒரே ஊர். இடைவெளி மூன்று ஆண்டு, வித்தியாசம் 12 கி.மீ. இது ஏன் என்று கேட்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதல் காரணம் தாம்சனின் உடம்பு. 1976 டிசம்பரில் அடிலெய்டில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் ஒரு கேட்சைப் பிடிக்க ஓடியபோது சக வீரர் ஆலன் டர்னர் மீது மோதி வலது தோள்பட்டை கெட்டுப்போனது. அதற்குப் பிறகு வீசிய தாம்சன் வேகமானவர்தான், ஆனால் பழைய தாம்சன் இல்லை. 147.9 அந்த இரண்டாவது தாம்சனின் எண். இரண்டாவது காரணம், அது ஒரு காட்சிப் போட்டி. எதிரே ஓங்கி அடிக்க நிற்கும் பேட்ஸ்மேனும் இல்லை, ஏழெட்டு ஓவர் வீசி உடம்பு சூடேறுவதும் இல்லை. பந்து வீசியவர்களுக்குத் தெரியும், முதல் ஸ்பெல்லின் (தொடர்ந்து வீசும் ஓவர்களின்) மூன்றாவது, நான்காவது ஓவரில் வரும் வேகம் சும்மா எட்டுப் பந்து வீசிக் காட்டும்போது வராது. மூன்றாவது காரணம்தான் பெரியது. பந்தின் வேகத்தை எந்த இடத்தில் அளக்கிறோம் என்பது அது.

பந்து கையை விட்டதும் காற்று அதைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கிறது. கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம், அகலம் ஏழு செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. இந்த அளவுக்கு 150 கி.மீ. வேகத்தில் போட்டுப் பார்த்தால், கையிலிருந்து புறப்பட்டு குட் லெங்த்தில், அதாவது பேட்ஸ்மேனுக்குச் சில மீட்டர் முன்னால், விழுவதற்குள் 10 கி.மீ.க்கு மேல் போய்விடும். தரையில் பட்டு எழும்போது அதைவிட அதிகமாக இழக்கும். பேட்ஸ்மேனிடம் வந்து சேரும்போது வேகம் 120 சொச்சம்தான் இருக்கும். வழி முழுவதற்கும் சராசரி போட்டால் 135-140க்குள் வரும். அதாவது, கையிலிருந்து 150இல் கிளம்பிய ஒரே பந்தை 150 என்றும் சொல்லலாம், 137 என்றும் சொல்லலாம், 122 என்றும் சொல்லலாம். மூன்றும் பொய் இல்லை. இன்று திரையில் வருவது கையை விட்ட உடனே உள்ள வேகம், அதாவது மூன்றிலும் பெரிய எண். 1978-79 பட்டியலை எடுத்து இன்றைய பட்டியலோடு நேராக மோதவிடுபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. 

பேஸ்பால் ரசிகர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். பாப் ஃபெல்லர் என்ற அமெரிக்க வீச்சாளரை 1946இல் ராணுவத்தின் ஒளிக்கருவியை வைத்து அளந்தார்கள். மணிக்கு 98.6 மைல், ஏறக்குறைய 159 கி.மீ. ஆனால் அது பந்து பேட்டரைக் கடக்கும் இடத்தில் எடுத்த எண். இன்றைய வீச்சாளர்களுக்கு அளப்பது கையை விட்டதும். ஆகவே அங்கே பழைய எண்ணைப் பேசும்போது முதலில் “எங்கே அளந்தது?” என்று கேட்டு, அதற்கேற்ப மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடுகிறார்கள். கிரிக்கெட்டில் நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் கையடக்க ரேடார் கருவியைக் கடன் வாங்கி வலைப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். ஒரு பையன் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது 128 வீசினான். மறுநாள் அங்கே நிற்க இடமில்லாமல் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நின்று அளந்தேன். எல்லாப் பந்தும் 120, 121. பையனுக்கு உடம்பு சரியில்லையோ என்று அவன் அப்பாவிடம் விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டேன். பிறகுதான் விளங்கியது. ரேடார் தன்னை நோக்கி வரும் வேகத்தை மட்டும்தான் பிடிக்கும். பந்தின் பாதைக்கு 20 டிகிரி விலகி நின்றால் 6 சதவீதம் குறைத்துக் காட்டும். 128இல் 6 சதவீதம் போனால் 120. பையன் அதே பையன்தான். நான் நின்ற இடம்தான் மாறியிருந்தது.

சரி, லார்வுட்டுக்கும் டைசனுக்கும் வருவோம். 

ஃபிராங்க் டைசன் 1954-55 ஆஷஸில் ஆஸ்திரேலியாவைக் கலங்கடித்தவர். தொடரில் 28 விக்கெட், மெல்பர்னில் ஒரே இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 7. அந்தத் தொடர் முடிந்து நியூஸிலாந்து போனபோது வெலிங்டனில் விமானக் கல்லூரி ஆட்கள் ஒலிக்கருவி வைத்து அவரையும் பிரையன் ஸ்டாதமையும் அளந்தார்கள். டைசனுக்கு மணிக்கு 89 மைல், அதாவது 143 கி.மீ.; ஸ்டாதமுக்கு 87 மைல், 140 கி.மீ. அன்று குளிரும் ஈரமுமான காலைப் பொழுது. உடம்பைச் சூடேற்றிக்கொள்ளாமல், மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீசினார் டைசன். மூன்று ஸ்வெட்டரோடு 143 வீசுகிற ஒருவர், மெல்பர்ன் வெயிலில் ஆஷஸ் வெற்றி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் எவ்வளவு வீசியிருப்பார்? எண் சொல்ல மாட்டேன். ஆனால் 125 என்ற வாதம் இந்த ஒரு அளவீட்டிலேயே அடிபட்டுப் போகிறது.

லார்வுட் விஷயம் இன்னும் கடினம். அவருடைய வேகம் என்று சுற்றிவரும் எண்கள் பல; அவற்றில் ஒன்றின் மீதும் நான் கை வைக்க மாட்டேன். பழைய படச்சுருளைப் பார்த்துக் கணக்கிட்டேன் என்று யாராவது சொன்னால் இதை யோசித்துப் பாருங்கள். கிரீஸிலிருந்து கிரீஸுக்கு 17.7 மீட்டர். தொலைக்காட்சிப் படத்தில் நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்). பந்து பேட்டுக்கு வர 10 சட்டகம் எடுத்தால் சராசரி வேகம் 159. 11 எடுத்தால் 145. 12 எடுத்தால் 133. சோயிப் அக்தருக்கும் ஒரு மிதவேக வீச்சாளருக்கும் இடையே இரண்டே இரண்டு சட்டகம்தான். கை பந்தை விட்ட கணம் எந்தச் சட்டகத்தில் இருக்கிறது என்பதில் ஒன்று தவறினாலே 12 கி.மீ.க்கு மேல் பிசகும். இத்தனையும் ஒழுங்காக ஓடும் தொலைக்காட்சிப் படத்துக்கு. 1930களின் படச்சுருள்களில் நொடிக்கு எத்தனை சட்டகம் என்பதே கேமராவுக்குக் கேமரா மாறும். பின்னால் வேறு வேகத்தில் ஓட்டிப் பிரதி எடுத்திருப்பார்கள். யூடியூபில் லார்வுட் குடுகுடுவென்று ஓடிவருவதைப் பார்த்து “வேகமே இல்லையே” என்பதும், “அடேயப்பா” என்பதும் இரண்டுமே அந்தப் படத்தை நம்பிச் சொல்வதுதான்.

படத்தை விட்டுவிட்டு எதிரே நின்றவர்களைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். 1932-33 பாடிலைன் தொடரில், அதாவது இங்கிலாந்து ஆஸ்திரேலியர்களின் உடம்பைக் குறிவைத்து வீசிய தொடரில், லார்வுட்டுக்கு 33 விக்கெட். அடிலெய்டில் அவருடைய பந்து ஆஸ்திரேலியத் தலைவர் பில் வுட்ஃபுல்லின் நெஞ்சில் இறங்கியது. அதே டெஸ்டில் பெர்ட் ஓல்ட்ஃபீல்டின் மண்டையோடு விரிசல் கண்டது. இருவருமே பந்தைக் கண்ணால் பார்த்து ஆடத் தெரிந்த முதல்தரமான ஆட்டக்காரர்கள். 125இல் வரும் பந்துக்கு அப்படி மாட்டிக்கொள்பவர்கள் இல்லை.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1932 ஜூன் 25, லார்ட்ஸ், இந்தியாவின் முதல் டெஸ்ட். அதற்குப் பத்து நாள் முன்னால் யார்க்‌ஷயருக்காக ஹெர்பர்ட் சட்கிளிஃபும் பெர்சி ஹோம்ஸும் முதல் விக்கெட்டுக்கு 555 ரன் சேர்த்திருந்தார்கள். அதே ஜோடி இங்கிலாந்துக்காக இறங்கியது. முகமது நிசார் இருவரையும் கிளீன் போல்ட் செய்தார், சட்கிளிஃப் 3, ஹோம்ஸ் 6. சிறிது நேரத்தில் இங்கிலாந்து 19க்கு 3. நிசாரின் பந்தை எந்தக் கருவியும் அளக்கவில்லை. ஆனால் பத்து நாள் முன்பு 555 அடித்த இருவரின் ஸ்டம்பும் பேட் இறங்குவதற்குள் போனது என்பது எனக்கு ஓர் அளவீடு மாதிரிதான்.

ஆனால் ஆட்டக்காரர்களின் சாட்சியத்தை அப்படியே விழுங்கவும் கூடாது. இதில் உங்கள் அண்ணன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் “இவரைப் போல வேகம் பார்த்ததில்லை” என்றால், அவர் வேறு யாரையெல்லாம் ஆடினார் என்று பார்க்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் நின்றவருக்கு 140 பந்து 150 மாதிரிதான் இருக்கும். 1974 டிசம்பரில் தாம்சனையும் லில்லியையும் ஆட காலின் கவுட்ரியை அவசரமாக இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். வயது 42ஐ நெருங்கிக்கொண்டிருந்தது, தலையில் வெறும் தொப்பி. பெர்த் ஆடுகளத்தில் தாம்சனின் பந்து விழுந்து எழும் உயரம் வேறு. அந்தத் தொடரில் தாம்சனுக்கும் 33 விக்கெட், லார்வுட்டுக்கு வந்த அதே எண்ணிக்கை. பயமும் வேகமும் ஒன்றாகக் கலந்துவிடும் இடம் இது. நாரி காண்ட்ராக்டர் 1962இல் பார்படோஸில் சார்லி கிரிஃபித்தின் பந்தில் மண்டை உடைந்து உயிருக்குப் போராடிய பிறகு, கிரிஃபித் எந்த மைதானத்துக்குப் போனாலும் அவர் வேகம் இன்னும் கூடுதலாகவே தெரிந்திருக்கும்.

அப்புறம், அன்றைய வேகத்தைக் கூட்டிக் காட்டிய விதி ஒன்று இருந்தது. இதை இன்று யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். 1960கள் வரை நோ-பால் பார்த்தது பின்காலை வைத்து. பின்கால் பந்துவீச்சுக் கிரீஸுக்குப் பின்னால் இறங்கினால் போதும். முன்கால் எங்கே விழுகிறது என்ற கவலை இல்லை. சிலர் பின்காலின் கட்டைவிரலைத் தரையில் இழுத்துக்கொண்டே போய், முன்கால் கிரீஸை நன்றாகத் தாண்டிய பிறகுதான் பந்தை விட்டார்கள். 1958-59இல் ஆஸ்திரேலியாவின் கோர்டன் ரோர்க் இதற்குப் பேர்போனவர். இப்படி 60 செ.மீ. முன்னால் வந்து விட்டால் என்ன ஆகும்? 145 கி.மீ. பந்து பேட்ஸ்மேனுக்கு 150 கி.மீ. பந்து கொடுக்கும் நேரத்தைத்தான் கொடுக்கும். கருவி 145 என்று சொல்லும், பேட்ஸ்மேன் 150 என்று சொல்வார், இருவரும் சரி. முன்கால் விதி வந்த பிறகு அந்த 5 கி.மீ. சலுகை போய்விட்டது. ஆகவே பழைய காலத்து ஆட்டக்காரர் சொல்லும் வேகத்தில் கொஞ்சம் கழிக்க வேண்டும்; பழைய கருவி காட்டும் வேகத்தோடு கொஞ்சம் கூட்ட வேண்டும்.

இந்த நேரக் கணக்கு இன்றைக்கும் பொருந்தும். பும்ரா 140ஐ ஒட்டித்தான் பெரும்பாலும் வீசுகிறார். ஆனால் கையை நன்றாக முன்னால் கொண்டுவந்து விடுகிறார், ஓட்டம் குறுகியது, கை எப்போது சுற்றும் என்று பிடிபடாது. அவரை ஆடியவர்கள் திரையில் காட்டும் எண்ணைவிட வேகமாக உணர்வதில் வியப்பில்லை.

இப்போது முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். “100 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1936இல் 10.2, உசைன் போல்ட் 2009இல் 9.58. எல்லா விளையாட்டிலும் மனிதன் முன்னேறிக்கொண்டே இருக்கும்போது பந்துவீச்சில் மட்டும் எப்படி முன்னேறாமல் இருப்பான்?” கேட்பதற்கு நியாயமான கேள்வி. ஆனால் வேகப்பந்து வீச்சுக்கு ஓட்டப் பந்தயத்தைவிட நெருங்கிய சொந்தம் ஈட்டி எறிதல். ஓடிவந்து, முன்காலைக் கம்பு மாதிரி ஊன்றி, ஓட்டத்தில் சேர்த்த வேகத்தை இடுப்பு, முதுகு, தோள் வழியாகக் கைக்கு ஏற்றுவது இரண்டுக்கும் பொது. தாம்சனின் வீச்சையே ஈட்டி எறிபவரின் அசைவு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஈட்டியில் உலக சாதனை என்ன? யான் ஜெலெஸ்னி 1996இல் எறிந்த 98.48 மீட்டர். இன்னும் யாரும் தொடவில்லை. நீரஜ் சோப்ரா 2025இல் தோஹாவில் 90 மீட்டரைக் கடந்தபோது நாம் எவ்வளவு கொண்டாடினோம். அது ஜெலெஸ்னிக்கு 8 மீட்டர் பின்னால். இவ்வளவு ஊட்டச்சத்து அறிவும் உடற்பயிற்சி அறிவியலும் வந்த பிறகும் அந்த எண் அசையவில்லை. காரணம், அங்கே தடையாக நிற்பது தசை இல்லை. மூட்டும் தசைநாரும். தோளும் முதுகெலும்பும் தாங்கும் அளவுக்கு மேல் போனால் உடைந்துவிடும். பந்துவீச்சில் இன்னும் ஒரு கட்டுப்பாடு, முழங்கையை மடக்கி நீட்டி எறியக் கூடாது.

ரேடார் வந்த பிறகான வரலாறும் இதையேதான் சொல்கிறது. 2003 உலகக் கோப்பையில் கேப் டவுனில் இங்கிலாந்தின் நிக் நைட்டுக்கு சோயிப் அக்தர் வீசிய 161.3 கி.மீ. பந்துதான் இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட உச்சம். அதற்கு முந்தைய ஆண்டு லாகூரில் நியூஸிலாந்துக்கு எதிராகவும் அவருக்கு 161 காட்டியது, ஐ.சி.சி. ஏற்கவில்லை. பிரெட் லீயும் ஷான் டெய்ட்டும் 161ஐ ஒட்டி வந்தார்கள். 2015இல் மிட்செல் ஸ்டார்க் 160.4. அதற்குப் பிறகு வந்தவர்களில் லாக்கி ஃபெர்குசன் 157.3, உம்ரான் மாலிக் 157, மயங்க் யாதவ் 156.7, ஆன்ரிக் நோர்க்கியா 156.2, மார்க் வுட் 156. எல்லாமே ஒரே தரமான கருவிகளின் காலம், உடற்பயிற்சிக் கூடங்களின் காலம். இருபது ஆண்டுக்கு மேலாகியும் உச்சம் ஒரு கி.மீ.கூட ஏறவில்லை. இருபது ஆண்டில் ஏறாத ஒன்று, அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டில் மட்டும் 25 கி.மீ. ஏறியிருக்கும் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது? 1975இல் தாம்சனுக்கு வந்த 160, 2003இல் அக்தருக்கு வந்த 161.3, 2015இல் ஸ்டார்க்குக்கு வந்த 160.4 மூன்றும் ஒரே சுவரில் போய் முட்டிய எண்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கிடையில் 175, 181, 201 என்றெல்லாம் திரையில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். 2020 ஜூனியர் உலகக் கோப்பையில் இலங்கையின் மதீஷ பத்திரண இந்தியாவுக்கு எதிராக வீசிய ஒரு வைடுக்கு 175 காட்டியது. 2022இல் அயர்லாந்தில் புவனேஷ்வர் குமாரின் முதல் பந்துக்கு 201. 2024 அடிலெய்டு டெஸ்டில் சிராஜுக்கு 181.6. இவை கருவிப் பிழைகள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புவனேஷ்வருக்கு 201 என்று வந்தால் பிழை என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் 148 வீசுபவருக்கு 154 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, அது அப்படியே சாதனைப் பட்டியலில் ஏறிவிடும். ஒரு பந்தின் எண்ணை வைத்து ஒருவரை எடை போடாதீர்கள். ஒரு ஸ்பெல் முழுக்க எவ்வளவு வீசுகிறார், நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வீசுகிறார் என்று பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போதுதான் நம் காலத்தின் உண்மையான மாற்றம் தெரியும். 1970களின் தொடக்கத்தில் இந்தியாவுக்காகப் புதிய பந்தை எடுத்தவர்கள் அபிட் அலியும் சோல்கரும். சில நேரம் கவாஸ்கரே இரண்டு ஓவர் போட்டுப் பந்தின் பளபளப்பைத் தேய்த்துவிட்டுச் சுழற்பந்துக்காரர்களிடம் கொடுப்பார். எதிரணியில் நிஜமான வேகம் ஒருவரிடம் இருக்கும், கூடினால் இருவரிடம். இன்று பெரும்பாலான டெஸ்ட் அணிகளில் 140ஐத் தொடக்கூடிய மூன்று பேர் இருக்கிறார்கள், வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1987இல் இங்கே எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் தொடங்கியபோது பயிற்சி கொடுக்க வந்தவர் அதே லில்லிதான், உங்கள் அண்ணனின் 136 லில்லி. ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். உச்சியில் நிற்பவரின் தலை உயரவில்லை, ஆனால் இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் கூட்டம் பெருகிவிட்டது. “இன்று எல்லோரும் வேகமாக வீசுகிறார்கள்” என்ற உணர்வு உண்மை. “அன்று யாரும் வேகமாக வீசவில்லை” என்பது அதிலிருந்து வராது.

பயிற்சியும் வாய்ப்பும் பெருகினால் எண்கள் ஏறும் இடம் எது என்று பார்க்க வேண்டுமானால் பெண்கள் கிரிக்கெட்டைப் பாருங்கள். 2024இல் ஷப்னிம் இஸ்மாயில் டெல்லியில் 132.1 கி.மீ. வீசினார். அங்கே முழுநேர ஆட்டம் என்பதே புதிது, சுவர் இன்னும் தூரத்தில் இருக்கிறது. அந்த எண் வரும் ஆண்டுகளில் ஏறும் என்று துணிந்து சொல்வேன்.

இன்னொரு விஷயம். வேகத்தை மட்டும் வைத்து ஆட்டம் நடப்பதில்லை என்பதற்கு பெர்த் வாகா மைதானம் இரண்டு கதை வைத்திருக்கிறது. தாம்சனுக்கு 160 வந்த அந்த 1975 டெஸ்டில்தான் ராய் ஃபிரெடரிக்ஸ் லில்லியையும் தாம்சனையும் ஹூக் அடித்தும் கட் அடித்தும் 145 பந்தில் 169 எடுத்தார், வெஸ்ட் இண்டீஸ் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. நாற்பது ஆண்டு கழித்து அதே மைதானத்தில் ஸ்டார்க்கின் 160.4 பந்தை எதிர்கொண்டவர் ராஸ் டெய்லர். அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்தது 290. கேப் டவுனில் அக்தரின் 161.3 பந்தை நிக் நைட் அமைதியாக லெக் பக்கம் தட்டிவிட்டார், பாகிஸ்தான் 112 ரன்னில் தோற்றது.

கடைசியாக, மிக வேகமானவர் யார்? கருவியை மட்டும் நம்புபவருக்கு அக்தர்தான், அதில் தகராறு இல்லை. என்னைக் கேட்டால், 1974 கடைசியில் தொடங்கிய ஆஸ்திரேலியக் கோடைக்கும் 1976 டிசம்பருக்கும் இடைப்பட்ட தாம்சனைச் சொல்வேன். அக்தரின் உச்சம், பல ஆண்டுகளில், நூற்றுக்கணக்கான முறை ரேடார் பார்த்ததில் கிடைத்த ஒரு பந்து. தாம்சனை நல்ல உடம்போடு இருந்த காலத்தில் கேமரா வைத்து அளந்த அந்த ஒரு டெஸ்டிலேயே 160 வந்துவிட்டது. அது அவருடைய மிக வேகமான பந்தாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. லில்லியைப் பற்றி அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். 1973இல் முதுகெலும்பில் எலும்பு முறிவு வந்து, பிளாஸ்டர் கட்டோடு வாரக்கணக்கில் கிடந்து, பந்துவீச்சு அசைவையே மாற்றிக்கொண்டு திரும்பியவர் அவர். பேக்கர் போட்டியில் 136.4 வீசியபோது அவருக்கு வயது 29. முதுகு முறிவதற்கு முந்தைய லில்லியை, 1971இல் பெர்த்தில் உலக அணிக்கு எதிராக 29 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்த அந்த இளைஞரை, யாரும் கருவி வைத்து அளக்கவே இல்லை.